கடைசிப் பொறியில் விழுந்த ஒற்றைப் பூச்சி

பயிர்ப் பூச்சி எவ்வளவு தூரம் பறக்கும் என்று கேட்டால் ஒவ்வொரு கையேட்டிலும் ஒரு எண் இருக்கிறது. வெள்ளை ஈக்கு இத்தனை கிலோமீட்டர், பழ ஈக்கு இத்தனை மீட்டர். அந்த எண்ணை வைத்துத்தான் தனிமைப்படுத்தும் வளையத்தின் அகலம் தீர்மானமாகிறது, பூச்சி எதிர்ப்புத்திறன் பெறாமல் தடுக்க ஓரத்தில் வளர்க்கும் அடைக்கலப் பயிர் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்பது முடிவாகிறது, பக்கத்து வயலில் மருந்தடித்தால் இந்த வயலுக்குப் பயன் உண்டா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. அந்த எண் பிறந்த இடத்தைத் தேடிப் போனால், பல நேரம் அடியில் கிடப்பது ஒரே ஒரு பூச்சி. அடையாளத்துக்காகக் குறியிட்டு வயலில் விட்ட ஆயிரக்கணக்கானவற்றில், எல்லாவற்றுக்கும் அப்பால் வைத்திருந்த பொறியில் விழுந்த ஒன்று. நடுவில் பிடிபட்ட நூற்றுக்கணக்கானவை அட்டவணையிலேயே கிடக்க, அந்த ஒன்று மட்டும் கட்டுரைக்குக் கட்டுரை பயணம் போகிறது.

எனக்கு இது நெடுநாள் உறுத்தல். அந்தக் கடைசிப் பூச்சியை அலட்சியம் செய்யவும் முடியாது. ஒரு பூச்சியினத்தைப் புது வட்டாரத்துக்குக் கொண்டுசேர்ப்பவை கூட்டத்தின் வால்நுனியில் பறக்கும் ஒன்றிரண்டுதான். 1960களின் தொடக்கத்தில் சீனாவில் கதிர் தின்னும் படைப்புழுவின் அந்துப்பூச்சிகளுக்குக் குறியிட்டு விட்டார்கள். அவை பருவந்தோறும் இடம்பெயர்கின்றன என்பதற்கு நேரடிச் சான்றாக அமைந்தவை அறுநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் அகப்பட்ட, விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில பூச்சிகளே. ஆக, மொத்தத் தரவிலும் மிக முக்கியமானது அந்தக் கடைசிப் பூச்சி. பொய்யாகிப்போக மிக அதிக வாய்ப்புள்ளதும் அதுவே. பிழை பக்கத்துப் பொறியில் நடந்தால் நூற்றிருபது நூற்றிருபத்தொன்று ஆகும், ஒருவருக்கும் தெரியாது. கடைசிப் பொறியில் நடந்தால் பூஜ்யம் ஒன்றாகிவிடுகிறது, வரைபடமே வேறாகிவிடுகிறது. குறியிடும் முறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இந்தப் பொய் எந்த வழியாக உள்ளே நுழைகிறது என்று பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தூள்

குறியிடும் முறைகளில் எளியதும் மலிவானதும் ஒளிரும் தூள். சில மைக்ரான் அளவுள்ள நிறத்துகள்கள். புற ஊதா ஒளி பட்டால் நெருப்புப் பொறிபோல் மின்னும். இதில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் செய்யும் முதல் தவறு அளவுக்கு மேல் பூசுவது. பகல் வெளிச்சத்தில் பூச்சி இளஞ்சிவப்பாகத் தெரிகிறது என்றால் தூள் கூடிப்போய்விட்டது என்று பொருள். மூச்சுத்துளைகள் அடைபடும், உணர்கொம்பு மணம் பிடிக்காது, கூட்டுக்கண் மங்கும், கால் நுனியில் பிடிப்பு போகும். அப்படிப்பட்ட பூச்சி பறப்பதை விட்டுவிட்டுத் தன்னைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். சரியான அளவில் பூசிய பூச்சியை வெறும் கண்ணால் பார்த்தால் பூசாததுபோலவே இருக்க வேண்டும்.

அதற்கு வழி இது. ஒரு தாள்பையிலோ டப்பாவிலோ சிட்டிகைத் தூளைப் போட்டுக் குலுக்க வேண்டும். பிறகு டப்பாவைக் கவிழ்த்து, தட்டித் தட்டி எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். உள்சுவரில் மெல்லிய படலமாக ஒட்டிநிற்பதே போதும். பூச்சிகளை உள்ளே விட்டு ஐந்தாறு முறை மெதுவாக உருட்டினால் அவையே சுவரில் நடந்து தேவையானதை எடுத்துக்கொள்ளும். ஈரப்பதம் இருந்தால் தூள் கட்டிகட்டும். கட்டிகட்டிய தூள் சில பூச்சிகளை மூழ்கடித்துவிட்டுச் சிலவற்றைத் தொடாமலே விடும். எனவே தூளை முன்கூட்டியே உலர்த்திச் சலித்து வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஐம்பது பூச்சிகளைக் கூண்டில் நிறுத்தி, பூசாத ஐம்பதை இன்னொரு கூண்டில் வைத்து, எத்தனை நாளில் எத்தனை சாகின்றன, குறி எத்தனை நாள் நிற்கிறது என்று எழுதிவைக்க வேண்டும். இந்தக் கூண்டுக் கணக்கு இல்லாத குறியிடல் ஆய்வை நான் நம்புவதில்லை.

நிறத் தேர்வும் சாதாரண விஷயம் இல்லை. நீலம் கூடவே கூடாது. வெளுத்த துணியிலும் தாளிலும் சலவைத்தூளிலும் உள்ள வெண்மையூட்டிகள் புற ஊதாவில் நீலமாகவே ஒளிரும். சட்டையிலிருந்து உதிர்ந்த ஒரு நூலிழை ஒட்டும் அட்டையில் விழுந்தால் குறியிட்ட பூச்சிபோல் மின்னும். மஞ்சளிலும் பச்சையிலும் மகரந்தத்தோடு குழப்பம் வரும், ஏனென்றால் பல மகரந்தத் துகள்களுக்கு அந்த நிறங்களில் இயல்பாகவே ஒளிர்வு உண்டு. ஆரஞ்சும் அடர் இளஞ்சிவப்பும்தான் ஓரளவு நிம்மதி தருபவை. பொறியின் பசையே லேசாக ஒளிர்கிறதா என்பதைப் பூச்சி ஒட்டாத புது அட்டையை விளக்கின்கீழ் பிடித்து முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

தூளின் பெரிய குணக்கேடு அது ஒட்டுவது. பூச்சியில் ஒட்டுவதைப் போலவே விரலிலும் இடுக்கியிலும் வண்டி இருக்கையிலும் பொறியின் கைப்பிடியிலும் ஒட்டும். புணர்ச்சியின்போது குறியிட்ட ஆணிடமிருந்து குறியில்லாத பெண்ணுக்குப் போகும். தூள் பூசிய கையோடு பொறி வைக்கப் போனவர், தானே குறியிட்டுக்கொண்டு போகிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அரிசோனாவில் வெள்ளை ஈயை வைத்து நடந்த ஆய்வு, தூள் என்ன காட்டக்கூடும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டேவிட் பைர்ன் என்ற பூச்சியியலாளரும் கூட்டாளிகளும் முலாம்பழ வயல் ஒன்றில் இருந்த வெள்ளை ஈக்கள்மேல் தூளைத் தூவி, இரண்டு பருவங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். 1996இல் முடிவுகள் வெளியாயின. முதல் பருவத்தில் வயலைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஒரு கிலோமீட்டர் வரை பொறிகள். காற்று போகும் பக்கமே ஈக்களும் போவது தெரிந்ததும், அடுத்த பருவத்தில் பொறிகளை அந்தப் பக்கமாகவே வெகுதூரத்துக்கு நீட்டினார்கள். அப்போதுதான் இரண்டு கூட்டங்கள் கண்ணில் பட்டன: வயலை ஒட்டி ஒன்று, இரண்டு கிலோமீட்டருக்கும் அப்பால் இன்னொன்று. நடுவில் இறங்கியவை குறைவு. காற்றில் தூசியாக மிதந்து போயிருந்தால் தூரம் கூடக்கூடச் சீராகக் குறைந்திருக்க வேண்டும். ஒரு பகுதி ஈக்கள் பச்சையைக் கண்டாலும் இறங்காமல் முதலில் பறந்து தீர்க்கின்றன என்பது அதிலிருந்து விளங்கியது. பொறிகள் ஒரு கிலோமீட்டரோடு நின்றிருந்தால் இரண்டாவது கூட்டம் இருப்பதே தெரிந்திருக்காது.

தலைக்குள் ஒளிந்த குறி

தூளின் குணக்கேட்டையே வரமாக மாற்றிய ஒரு முறை உண்டு, எனக்கு மிகப் பிடித்தது. காட்டுப் பூச்சிகளோடு புணர்ந்தும் குஞ்சு பிறக்காதபடி மலட்டுப் பூச்சிகளை வளர்த்து விடும் திட்டங்களில் மத்தியதரைக்கடல் பழ ஈக்கு இதைச் செய்கிறார்கள். பறக்கும் ஈமேல் தூளைப் போடுவதில்லை. கூட்டுப்புழுவோடு கலக்கிறார்கள், கிலோவுக்கு இரண்டு மூன்று கிராம் என்ற கணக்கில். கூட்டிலிருந்து வெளியேறும் ஈயின் நெற்றியில் ஒரு பை உப்பும். அந்தப் பையைப் பலூன்போல் ஊதித்தான் அது கூட்டின் மூடியை உடைக்கிறது, மேலே கிடப்பவற்றை முட்டித் தள்ளிக்கொண்டு வெளிச்சத்துக்கு வருகிறது. வரும் வழியில் ஈரமான அந்தப் பையில் தூள் ஒட்டிக்கொள்ளும். வெளியே வந்ததும் பை சுருங்கி, நெற்றியில் உள்ள ஒரு மடிப்பின் வழியாகத் தலைக்குள் போய்விடும், தூளையும் கூட எடுத்துக்கொண்டு.

பிறகு மழை பெய்யட்டும், ஈ தன்னை எத்தனை முறை வேண்டுமானாலும் துடைத்துக்கொள்ளட்டும், வெளித்தூள் முழுக்கப் போனாலும் தலைக்குள் இருப்பது போகாது. பொறியில் விழுந்த ஈ ஒளிராவிட்டால் அதன் தலையைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்கி, நுண்ணோக்கியின்கீழ் புற ஊதாவில் பார்க்கிறார்கள். கறுத்த திசுவின் நடுவில் இரண்டு மூன்று ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தால் அது வளர்த்து விட்ட ஈ. தெரியாவிட்டால் காட்டு ஈ. கலிஃபோர்னியா போன்ற இடத்தில் இந்த ஒற்றைத் தலையில்தான் எல்லாம் இருக்கிறது: காட்டு ஈக்கள் என்று உறுதியானால் சுற்றுவட்டாரப் பழங்கள் வெளியே போகத் தடை வரும், ஒழிப்புப் பணி தொடங்கும்.

தூளைக் கலப்பதற்கும் பொறுமை வேண்டும். பறக்கும் தசைகள் உருவாகிக்கொண்டிருக்கும் நாட்களில் கூட்டுப்புழுவைச் சலித்தாலோ உருட்டினாலோ இறக்கை தொங்கிய ஈக்கள்தான் வெளிவரும். எனவே வெளிவருவதற்கு ஓரிரு நாள் முன்பு, மெதுவாகப் புரட்டிக் கலக்கிறார்கள். தூள் கூடினால் வெளிவரும் விகிதம் குறையும். தூள் குறைந்தால் சில ஈக்கள் குறியில்லாமல் தப்பி, காட்டு ஈ என்று பெயர் வாங்கிவிடும். இங்கே பயம் தலைகீழ்: தூரத்தில் பொய்யாக ஒளிர்வதைவிட, பக்கத்தில் ஒளிராமல் போவதுதான் ஆபத்து.

அந்துப்பூச்சிக்கு நெற்றிப் பை கிடையாது. அங்கே குறியை உணவில் கலக்கிறார்கள். எண்ணெயில் கரையும் கால்கோ சிவப்புச் சாயத்தைச் செயற்கை உணவில் சேர்த்தால் புழு அதைத் தின்று கொழுப்பில் சேமிக்கும். கூட்டுப்புழுவிலும் அந்துப்பூச்சியிலும் அந்த நிறம் தொடரும். பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்குக் கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் 1968 முதல் நடந்த மலட்டுப் பூச்சித் திட்டத்திலும், கனடாவின் ஒக்கனாகன் பள்ளத்தாக்கில் ஆப்பிளைத் துளைக்கும் காட்லிங் அந்துப்பூச்சிக்கும் இதே சாயம்தான். பொறியில் விழுந்ததை வெள்ளைத் தாளில் வைத்து நசுக்கினால் சிவப்புக் கறை விழும். விழாவிட்டால் காட்டுப் பூச்சி. காய்ந்து சருகான பழைய அந்துப்பூச்சியில் கறை மங்கும் என்பதால், பொறிகளை நாட்கணக்கில் விட்டுவைக்காமல் பார்க்க வேண்டும். 2018 அக்டோபரில் அமெரிக்கப் பருத்தியிலிருந்து இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிந்தது என்று அறிவித்தார்களே, அந்த அறிவிப்புக்குப் பின்னால் இப்படித் தாளில் நசுக்கிப் பார்த்த அந்துப்பூச்சிகள் எண்ணிலடங்காதவை.

முட்டை வெள்ளைக்கருவும் ஒரு கோடும்

வளர்த்து விட்ட பூச்சி காட்டுப் பூச்சியைப்போல் பறக்குமா என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. வயலில் இருப்பதைத் தொடாமலே குறியிட முடிந்தால்? செடிமேல் ரூபிடியம் குளோரைடைத் தெளிக்கும் முறை 1970களில் இதற்காக வந்தது. செடி அதைப் பொட்டாசியம் என்று நினைத்து உறிஞ்சிக்கொள்ளும், தின்னும் புழுவுக்கும் அது போய்ச்சேரும். தனிமங்களை அளக்கும் அணு உறிஞ்சு நிறமாலைமானியில் பூச்சியை எரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். அந்துப்பூச்சி தேன் குடிக்கக் குடிக்க அது கழிவில் வெளியேறிவிடுவதால் நாளாக நாளாகக் குறி தேயும் என்பது அதன் குறை. இன்று அதிகம் பேசப்படுவது புரதக் குறி. அமெரிக்க வேளாண் துறையின் ஜேம்ஸ் ஹேக்லரும் உடன் வேலை செய்தவர்களும் 1992இல் முயலின் எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) பூச்சிக்குக் குறியாகப் பயன்படுத்திக் காட்டினார்கள். துல்லியம் அபாரம், விலையும் அப்படியே. 2006இல் வின்சென்ட் ஜோன்ஸ், ஹேக்லர் முதலானவர்கள் முட்டை வெள்ளைக்கரு, பசும்பால், சோயா ஆகிய மூன்றையும் தோட்டத்தில் தெளிப்பானால் அடித்துவிட்டு, அதில் நடந்த பூச்சிகளை, புரதத்தைக் கண்டறியும் எலைசா சோதனையில் அடையாளம் காண முடியும் என்று காட்டியபோதுதான் தோப்பு முழுவதற்கும் குறியிடுவது கைக்கு எட்டியது. ஒரு தோப்புக்கு முட்டை, எதிர்த் தோப்புக்குப் பால் என்று அடித்தால் எது எங்கிருந்து எங்கே போகிறது என்று திசையோடு தெரியும்.

சோதனை இப்படி. பூச்சியைத் தனிக் குழாயில் அமிலத்தன்மை மாறாத தாங்கல் கரைசலில் ஒரு மில்லி விட்டு ஊறவைத்து, அதிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தொண்ணூற்றாறு குழித் தட்டில் ஒரு குழியில் விட்டு, அந்தப் புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்புரதம், அதன்மேல் நொதி பூட்டிய இன்னொன்று, கடைசியில் நிறம் தரும் கரைசல். குறி இருந்தால் நீலம் ஏறும். தொல்லை என்னவென்றால் நீலம் விளக்குபோல் எரிவதோ அணைவதோ இல்லை. குறியில்லாத பூச்சியிலும் துளி நீலம் இருக்கும். எங்கேயோ ஒரு கோடு கிழித்து, மேலே இருப்பது குறியுள்ளது, கீழே இருப்பது இல்லாதது என்று சொல்லியாக வேண்டும். வழக்கமாக, குறியில்லாத சில பூச்சிகளை அளந்து, அவற்றின் சராசரியோடு, அளவீடுகளின் சிதறலைக் காட்டும் திட்ட விலக்கத்தை மூன்று மடங்கு கூட்டி அங்கே கோடு போடுகிறார்கள்.

மூன்று மடங்கு என்றதும் பாதுகாப்பாகத் தோன்றுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அளவீடுகள் மணிவடிவத்தில் பரவியிருந்தால்கூட, குறியே இல்லாத ஆயிரம் பூச்சிகளில் ஒன்றுக்குச் சற்று மேல் அந்தக் கோட்டைத் தற்செயலாகத் தாண்டும். உண்மையில் நிற அளவீடுகள் மேல்பக்கம் வால் நீண்டவை, ஆகவே அதைவிட அதிகமாகவே தாண்டும். இரண்டாயிரம் பூச்சிகளைச் சோதித்தால் குறைந்தது இரண்டு மூன்று பொய்கள். பக்கத்து வயலில் உண்மையான குறிகள் நூறு இருக்கும்போது இந்த இரண்டு மூன்று கரைந்துபோகும். பொய்களோ தூரம் பார்த்து வருவதில்லை. பூச்சி விழும் இடமெல்லாம் ஒரே விகிதத்தில் விழும். உண்மைக் குறிகள் அற்றுப்போகும் தொலைவில் எஞ்சி நிற்பவை அவைதான். மிகத் தூரத்துப் பூச்சி பொய்யாக இருக்கும் வாய்ப்பு ஏன் அதிகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியாது.

பரிகாரங்கள் உண்டு. குறியில்லாத மாதிரிகளை வேறு ஊரிலிருந்தோ வளர்ப்பறையிலிருந்தோ கொண்டுவராமல், தெளிப்பதற்கு முன்பே அதே வயலில், அதே வகைப் பொறியில், அத்தனை நாள் பசையில் கிடந்த அதே இனத்துப் பூச்சிகளாக எடுக்க வேண்டும். பசையும் வெயிலும் அளவீட்டைக் கூட்டும். ஆறேழு மாதிரிகளில் கணக்கிட்ட திட்ட விலக்கம் பெரும்பாலும் உண்மையைவிடச் சிறியதாகவே வரும், குறைந்தது முப்பது மாதிரிகளாவது வேண்டும். கோட்டை ஐந்து, ஆறு மடங்குக்கு உயர்த்துவதையும் தயங்காமல் செய்யலாம். சில உண்மைக் குறிகள் கைநழுவும், அது தாங்கக்கூடிய நட்டம். வீச்சு வலையால் பிடிப்பதைத் தவிர்க்க வேண்டும். வலைக்குள் குறியுள்ளதும் இல்லாததும் இலைச்சாறும் ஒன்றாகப் பிசையப்பட்டால் புரதம் எல்லாவற்றுக்கும் தொற்றும். இரை தின்னும் பூச்சிகளில் இன்னொரு குழப்பம்: குறியுள்ள அசுவினியைத் தின்ற பொறிவண்டும் குறியுள்ளதாகவே காட்டும். அது வந்ததா, அதன் இரை வந்ததா?

ஆள் கைபடாத குறியும் ஒன்று இருக்கிறது. மக்காச்சோளம், சோளம் போன்ற பயிர்களில் கனக்கரிமத்தின் (சற்றே எடை கூடிய கரிமம்-13) விகிதம் பருத்தி, பயறு வகைகளிலிருந்து வெகுவாக வேறுபடும். புழுவாக இருந்தபோது தின்றது அந்துப்பூச்சியின் இறக்கையில் பதிந்து கடைசிவரை மாறாமல் இருக்கும். வயிற்றுப் பகுதி மட்டும் குடித்த தேனுக்கேற்ப மாறும். பருத்தி வயலில் பிடித்த, பல பயிர்களைத் தின்னும் பச்சைக் காய்ப்புழு அந்துப்பூச்சியின் இறக்கையை அளந்தால் அது மக்காச்சோளத்தில் பிறந்ததா என்று சொல்லிவிடலாம். எந்த மக்காச்சோள வயல் என்று மட்டும் சொல்லாது.

வளையம் விரியும்போது

பூச்சிகளை நடுவில் விட்டு, சுற்றிலும் வளையம் வளையமாகப் பொறி வைப்பது வழக்கம். 50 மீட்டரில் எட்டுப் பொறி, 400 மீட்டரில் எட்டுப் பொறி என்று வையுங்கள். உள்வளையத்தில் 40 பூச்சி, வெளிவளையத்தில் 5. பார்த்தவுடன் என்ன தோன்றும்? பெரும்பாலானவை வீட்டை விட்டு நகரவே இல்லை என்று. சராசரி எடுத்தால் 89 மீட்டர். இந்தச் சராசரியை அப்படியே அச்சிட்டவர்கள் பலர்.

50 மீட்டர் வளையத்தின் சுற்றளவு 314 மீட்டர். ஏறக்குறைய நாற்பது மீட்டருக்கு ஒரு பொறி. 400 மீட்டர் வளையத்தின் சுற்றளவு 2,500 மீட்டரைத் தாண்டும். அங்கே 314 மீட்டருக்கு ஒரு பொறி. வெளியே வலையின் கண் எட்டு மடங்கு பெரிது. சுற்றளவை மட்டும் கணக்கில் எடுத்துத் திருத்தினாலே, 400 மீட்டரைத் தொட்டவை 50 மீட்டரில் நின்றவற்றுக்குச் சமமான எண்ணிக்கை என்று ஆகிறது. சராசரி 225 மீட்டர். அதே பூச்சிகள், அதே பொறிகள். எனவே திருத்தம் கட்டாயம் வேண்டும்.

இத்தனை நாள் உறுத்திக்கொண்டிருந்ததன் வேர் எனக்குப் பிடிபட்டது அடுத்த படியில்தான். 1,600 மீட்டரில் இன்னொரு வளையம், அங்கேயும் எட்டுப் பொறி, அவற்றில் ஒரே ஒரு பூச்சி என்று சேர்த்துப் பாருங்கள். அதன் சுற்றளவு உள்வளையத்தைப்போல் முப்பத்திரண்டு மடங்கு என்பதால், அதே திருத்தத்தைப் போட்டால் சராசரி 225இலிருந்து ஏறக்குறைய 618 மீட்டருக்குத் தாவுகிறது. ஒரு பூச்சி! அது உண்மையாக இருந்தால் இந்தத் தாவல் நியாயமே. அந்த ஒன்றுக்குப் பின்னால் பொறிக்குத் தப்பிய எத்தனையோ இருக்கும். அது இடுக்கியிலிருந்து ஒட்டிய தூளாகவோ, கோட்டைத் தற்செயலாகத் தாண்டிய நீலமாகவோ இருந்தால், சரியாகச் செய்த கணக்கே பொய்யை முப்பத்திரண்டு மடங்கு பெருக்கிக் கொடுக்கிறது. திருத்தாமல் விட்டால் பூச்சி சோம்பேறியாகத் தெரியும். அழுக்குத் தரவைத் திருத்தினால் அது அசுரனாகத் தெரியும். கணக்கியல் திறமை எவ்வளவு இருந்தாலும் இதைக் கணினியில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. வயலில், பொறியின் முன்னால், கை சுத்தமாக இருக்கிறதா என்பதில்தான் சரிசெய்ய முடியும்.

எண்ணிக்கையைக் கணக்கிடுவோருக்கும் இதே போன்ற பள்ளம் உண்டு. 2,000 பூச்சிக்குக் குறியிட்டு விட்டு, பிறகு பிடித்த 500இல் 10 குறியுள்ளவை, அதாவது ஐம்பதில் ஒன்று என்றால் வயலில் மொத்தம் ஒரு லட்சம் என்பது 1896இல் டென்மார்க்கில் பீட்டர்சன் மீனுக்குக் கையாண்ட, 1930இல் லிங்கன் வாத்துகளுக்குப் பயன்படுத்திய தர்க்கம். தூள் கூடிப்போய் முதல் இரவிலேயே பாதிப் பூச்சிகள் செத்திருந்தால் உண்மை ஐம்பதாயிரம்தான். இல்லாத ஐம்பதாயிரத்துக்கு மருந்தடிக்க வேண்டியிருக்கும். கூண்டுக் கணக்கை நான் வற்புறுத்துவது இதனால்.

விடுவிக்கும் விதமும் தூரத்தைக் கெடுக்கும். டப்பாவைத் திறந்து உதறினால் மிரண்ட பூச்சி கண்ணை மூடிக்கொண்டு பறக்கும். அது பரவல் ஆகாது, தப்பி ஓடுவது. அந்துப்பூச்சியை அந்தி சாயும்போது, அல்லது கூட்டுப்புழுவாகவே நிழலான பெட்டியில் வைத்து, தானாக வெளியேற விடுவது நல்லது. பெட்டியின் காலில் மசகு தடவாவிட்டால் எறும்புகள் கூட்டுப்புழுக்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும், விட்ட எண்ணிக்கையே தப்பாகிவிடும். பெண்ணின் மணத்தைக் காட்டும் இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் மட்டுமே விழும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். முட்டையிடுவது பெண். ஆண் பறந்த தூரத்தைப் பூச்சி பறந்த தூரம் என்று எழுதுவது சரியாகப் படவில்லை.

கடைசிப் பொறிக்கு முதலில் போவது

தூரத்துப் பொறியைக் காப்பாற்ற எளிய ஏற்பாடுகளே போதும், ஒழுங்காகக் கடைப்பிடிக்க வேண்டும். தூள் பூசுகிற ஆள் பொறியைத் தொடக்கூடாது. பொறி பார்க்கிற ஆள் தூள் அறைக்குள் நுழையக்கூடாது, உடுப்பும் வண்டியும் வேறு. பொறிகளை வெளியிலிருந்து உள்ளே பார்த்துக்கொண்டு வர வேண்டும்: மிகத் தூரத்துப் பொறி முதலில், விடுவித்த இடத்தை ஒட்டியது கடைசியில். நடைமுறையில் எல்லோரும் நடுவிலிருந்து தொடங்கி வெளியே போகிறார்கள், தூளும் கூடவே போகிறது. ஒவ்வொரு பூச்சிக்கும் புதுப் பல்குத்தி, தனிக் குப்பி. விடுவிப்பதற்கு முன்பே நாலைந்து நாள் பொறிகளை வைத்து, அந்த அட்டைகளையும் விளக்கின்கீழ் பார்க்க வேண்டும். அங்கே ஒன்றாவது ஒளிர்ந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. அடுத்தடுத்த விடுவிப்புக்கு வேறு வேறு நிறம். குப்பியின் எண்ணைப் பார்த்து எந்தத் தூரத்துப் பொறி என்று சோதிப்பவருக்குத் தெரியாதபடி எண்களைக் கலைத்துப் போடுவதும் நல்லது. தூரத்துப் பூச்சியில் ஒளிர்வைக் காண ஆசைப்படாத கண் கிடையாது.

அப்படியும் கடைசிப் பொறியில் ஒன்று ஒளிர்ந்தால், அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். டப்பாவில் உருண்ட பூச்சியின் தூள் மடிப்புகளில் தங்கியிருக்கும்: கழுத்துக்கும் மார்புக்கும் நடுவில், இறக்கையின் வேரடியில், கால் மூட்டுகளில், வயிற்றின் வளையங்களுக்கு இடையே. துடைத்துக்கொள்ளும் கால் எட்டாத இடங்கள் அவை. இறக்கையின் மேற்பரப்பில், பசையை ஒட்டி, ஒற்றைத் துகளாக மின்னுகிறது என்றால் அது பொறிக்கு வந்த பிறகு ஒட்டியதாக இருக்கலாம். அந்தப் பூச்சியைப் படம் எடுத்து, குப்பியில் பத்திரப்படுத்தி, அட்டவணையில் தனிப் பத்தியில் எழுதுவேன். முப்பத்திரண்டால் பெருக்க மாட்டேன்.